மிலோனும் என் வலது கையும்

பாரம் தூக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்தால், எத்தனை டன் தூக்கினேன் என்று பீற்றிக்கொள்வேன் என எதிர்பார்ப்பீர்கள். எதிர்பார்க்க வேண்டாம். நான் தூக்கியது என் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும்தான். மற்றதையெல்லாம் கிரேன் தூக்கியது. ஓய்வு பெறும்வரை நான் செய்தது, கீழே நின்று கை காட்டும் வேலை. தூக்கு, இறக்கு, மெதுவாக, நில் என்று மேலே கேபினில் இருப்பவருக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஒனிஹங்காவில் உள்ள நம் கிரேன் யார்டில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் சேர்ந்தபோது இரண்டே பேர். ஒன்று நான். மற்றவர் கிரேனை ஓட்டிய பெண்மணி. மலேசியாவில் கிளாங்கில் பிறந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அவருடைய பெயரை இங்கே எழுதினால் வீடு தேடி வந்து ஏசுவேன் என்று சொல்லியிருக்கிறார். செய்யக்கூடியவர்தான். ஆகவே கிரேன்காரம்மா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது நாற்பத்தெட்டாம் வயதில். அதற்கு முன் பாபகூராவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, தேநீரும் கேக்கும் கொடுத்து, தொழிற்சாலையை மூடுகிறோம் என்றார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வீட்டுக் கடனை மனைவியின் சம்பளம் இழுத்துக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்தின் சமையலறையில் நின்று களைத்துப்போய் வருபவளுக்கு நான் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. அப்படி இருக்கும்போது கிடைத்த வேலை இது. எதைச் செய்தாவது இதை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கிரேன்காரம்மாவோடு எனக்கு ஆரம்பத்தில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது யார்டின் விதி. சுற்றி நிற்கும் எல்லாருக்கும் விளங்க வேண்டும் அல்லவா. அவர் அந்த விதியை வேதவாக்காக வைத்திருந்தார். நான் தமிழில் ஏதாவது சொன்னால் ஆங்கிலத்தில் பதில் வரும். தேநீர் இடைவேளையில் மட்டும் வாய் நிறையத் தமிழ். இந்த அம்மாவுக்கு என்ன பெரிய எடுப்பு என்று நான் வீட்டில் போய்ப் பொருமியிருக்கிறேன்.

சேர்ந்து ஆறாவது வாரம் அந்தச் சிலை வந்தது.

எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலக வளாகம். முன்பு அந்த இடத்தில் பெரிய மாளிகையும் தோட்டமும் இருந்தனவாம். மாளிகையை இடித்தவர்கள் தோட்டத்துச் சிலையை மட்டும் இடிக்காமல் வாசல் பக்கம் விட்டுவிட்டார்கள். முந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஏதோ பிரபுவின் தோட்டத்துக்காகச் செதுக்கியது. செதுக்கியவர் யாரென்று தெரியாது. ஆளுயரத்துக்கும் மேலான முறுக்கேறிய ஒரு மனிதன். அவனுடைய இடது கை பிளந்த மரத்தின் நடுவே மாட்டியிருக்கிறது. பின்னால் ஒரு சிங்கம் நகத்தைப் பதித்து அவன் தொடையைக் கடிக்கிறது. உடம்பு முழுவதும் திருகி, கழுத்து பின்னால் சாய்ந்து, வாய் ஆவென்று திறந்திருக்கிறது. வளாகத்துக்குப் புதிதாகக் குடிவந்த கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. வேலைக்கு நேர்காணலுக்கு வருபவர்கள் வாசலிலேயே இதைப் பார்த்துக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். பாபகூராவைத் தாண்டி நிலம் வைத்திருந்த, ஓய்வு பெற்ற மிருக வைத்தியர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார்.

சிலையைப் பொதிவதற்கு ஒரு பெண் வந்திருந்தாள். பழைய கற்சிலைகளைப் பராமரிப்பதுதான் அவள் தொழில். ஒல்லியான உடம்பு, முப்பது வயதுக்குள், இடுப்பில் சிறு சிறு தூரிகைகள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கல் வைத்தியர். சிலையின் ஒவ்வொரு விரலுக்கும் அவள் கம்பளித் துணி சுற்றினாள். இரும்பு எதுவும் கல்லில் படக்கூடாது என்று எங்கள் குழுவுக்குப் பொறுப்பான போர்மனிடம் மூன்று தடவை சொன்னாள். போர்மன் டொங்கா நாட்டுக்காரர். கதவை அடைக்கும் உடம்பும் குழந்தையைத் தூங்க வைக்கும் குரலும் கொண்ட மனிதர். மூன்று தடவையும் பொறுமையாகத் தலையாட்டினார்.

துணி சுற்றிக்கொண்டே அவள் கதையைச் சொன்னாள். இவன் பெயர் மிலோன். பழைய கிரேக்கத்தில் பெரிய மல்யுத்த வீரன். வளர்ந்த காளையைத் தோளில் சுமந்து நடந்தவன். வயதான பிறகு ஒருநாள் காட்டுவழியே தனியாகப் போகும்போது, விறகுவெட்டிகள் ஆப்பு வைத்துப் பாதி பிளந்த மரம் ஒன்றைக் கண்டான். இதை நான் கையாலேயே பிளப்பேன் என்று உள்ளே கையை விட்டான். ஆப்பு கழன்று விழுந்தது. மரம் மூடிக்கொண்டது. கை மாட்டிய நிலையில் மிருகங்கள் வந்து அவனைத் தின்றன.

மடையனாக இருக்கிறானே, கத்தியிருக்கலாமே என்று நான் சொன்னேன். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கத்திக்கொண்டுதான் இருக்கிறான், வாயைப் பாருங்கள், ஆனால் காட்டில் யாரும் இல்லை என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது சிலையைத் தூக்கும் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்பதுதான் கவலை.

எல்லர்ஸ்லியில் தூக்கியபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிங்கம் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று பாரம் சமமில்லாத சிலை என்பதால், தரையைவிட்டு எழும்போது முதலில் சற்றுச் சரிந்து, பிறகு நேரானது. நான் அதைக் கவனிக்கவில்லை. கிரேன்காரம்மா கவனித்திருந்தார். லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு பாபகூராவுக்குப் போனோம்.

அங்கே புல்தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் காங்கிரீட் மேடை போட்டிருந்தார்கள். அதன்மேல் போர்மன் தன் கையாலேயே மரக்கட்டைகளை அளந்து வைத்தார். கட்டைமேல் சிலையை இறக்கி, பெல்ட்டை உருவிவிட்டு, பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பது திட்டம். மனுகாவ் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. போர்மன் சிலைக்குப் பின்பக்கம், கல் வைத்தியர் அவருக்குப் பக்கத்தில், சிலையை வாங்கியவர் குடையோடு கொஞ்சம் தள்ளி. நான் முன்பக்கம் நின்று வலது கையால் இறக்கு, மெதுவாக இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தேன். அடித்தளத்துக்கும் கட்டைக்கும் இடையே மூன்று விரற்கடை இருந்திருக்கும். சிலை கொஞ்சம் திரும்பியது. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். என் பூட்ஸ் போய் மிலோனின் காலில் இடித்தது.

இனி நடந்ததை நம் ஆட்களுக்குத்தான் விளக்கம் இல்லாமல் சொல்ல முடியும். கால் பட்டதும் கை தானாகக் கீழே போய்விட்டது. குனிந்து, அந்தக் கல் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மேல் கால் பட்டால் செய்வோம், புத்தகத்தில் பட்டால் செய்வோம். நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால், தொங்கும் பாரத்தின் அருகே கை வைக்காதே என்ற முதல் பாடம் நினைவுக்கு வந்திருக்கும். ஒற்றைக் காலில் குனிந்தவனுக்குத் தடுமாறியது. விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். பிடித்தது சிலையின் அடித்தளத்தின் விளிம்பை. விரல்கள் மூன்று அதற்கும் கட்டைக்கும் நடுவே போயின. நான் கொடுத்த கட்டளைப்படியே சிலை மெதுவாக இறங்கி வந்து அவற்றின்மேல் உட்கார்ந்தது.

முழுப் பாரமும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் இதை இடது கையால் எழுதிக்கொண்டிருப்பேன். கை காட்டுபவரின் கை கண்ணுக்குத் தெரியாமல் போனால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்பது விதி. கிரேன்காரம்மா நிறுத்திவிட்டார். ஆனால் விரல்கள் உள்ளே இருந்தன. வலி தோள்வரை ஏறியது.

நான் கத்தவில்லை.

சுற்றிப் பத்தடிக்குள் மூன்று பேர், மேலே ஒருவர். ஒரு சத்தம் போதும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தேன். வரவில்லை. கையுறையிலிருந்து கையை உருவப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆறு வாரம்தான் ஆகிறது, அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்ன சொல்வது. ஏன் கையை வைத்தாய் என்று கேட்டால் கல்லைக் கும்பிடக் குனிந்தேன் என்றா சொல்வது. இன்னும் ஒரு நிமிடம் கொடுத்தால் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம். இப்படித்தான் ஓடியது. என் முகத்துக்கு நேர் மேலே அந்தக் கல்மனிதன் வாயைப் பிளந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தான். நான் அவனுக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு முழங்காலில் இருந்தேன்.

ஏன் நின்றுவிட்டது என்று போர்மன் பின்பக்கமிருந்து கேட்டார். எல்லாம் சரியா என்று கல் வைத்தியர் எட்டிப் பார்க்க முயன்றாள். இந்த நாட்டில் இத்தனை வருடம் யார் என்ன கேட்டாலும் 'ஆல் குட்' என்று சொல்லியே பழகியவன் நான். காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளிலும் 'ஆல் குட்'. தொழிற்சாலையை மூடிய அன்று மனேஜர் கேட்டபோதும் 'ஆல் குட்'. அன்றைக்கும் என் இடது கை தானாக மேலே போய்க் கட்டைவிரலைக் காட்டியது. அதைப் பார்த்த போர்மன், மேலே பார்த்து, இறக்கு என்று கை காட்டினார். அவர் நின்ற பக்கத்திலிருந்து என் வலது கை தெரியாது.

இப்போது கிரேன்காரம்மாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மழை வருகிறது. பொறுப்பாளர் இறக்கு என்கிறார். கீழே நிற்பவன் சரி என்று கட்டைவிரலைக் காட்டுகிறான். அவர் இறக்கியிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் விசையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஹாரனை அடித்தார். பிறகு ரேடியோவில் தமிழ் வந்தது.

"அண்ணே, வலது கையக் காட்டுங்க."

என் இடது கட்டைவிரல் மறுபடியும் மேலே போனது.

"இடது கை வேணாம். வலது கையக் காட்டுங்க. காட்டாம நான் எறக்க மாட்டேன்."

அவர் தமிழில் கேட்டதுதான் என்னை உடைத்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் மறுபடியும் 'ஆல் குட்' என்றே சொல்லியிருப்பேன். "கை உள்ளுக்க மாட்டுப்பட்டுட்டுது" என்றேன். சொன்னதும் அதுவரை அடைத்து வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. தூக்குங்கோ, தூக்குங்கோ என்று அலறினேன். போர்மனும் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தூக்கு என்று கத்தினார்.

கிரேன்காரம்மா தூக்கவில்லை.

இதற்காக அப்போது நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் எல்லர்ஸ்லியில் பார்த்ததை மறக்காமல் வைத்திருந்தார். இந்தச் சிலை நேராக எழும்பாது. முதலில் ஒரு பக்கம் சரிந்துதான் எழும்பும். அந்தப் பக்கத்தில்தான் என் கை இருந்தது. உடனே தூக்கியிருந்தால், மேலே எழும்புமுன் அந்த விளிம்பு என் விரல்களை அரைத்திருக்கும். அவர் ஆங்கிலத்துக்கு மாறி, முதலில் ஆப்பு, மாட்டிய கைக்குப் பக்கத்தில் ஆப்பு இறக்குங்கள், பிறகு தூக்குகிறேன் என்று ரேடியோவில் நிதானமாகச் சொன்னார். வானொலியில் செய்தி வாசிப்பதுபோல அவ்வளவு நிதானம்.

மர ஆப்பு அந்த இடைவெளிக்குத் தடிப்பு. லாரியிலிருந்து ஓர் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு போர்மன் ஓடி வந்தார். அதை இறக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். சிங்கத்தின் முன்கால் அடித்தளத்தில் பதிந்திருந்த மூலை. அங்கே கல் மெல்லியது. அவர் கல் வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு கணம்கூட எடுக்கவில்லை. முழங்காலில் விழுந்து, காலையில் தானே சுற்றிய துணியைத் தானே கிழித்து எறிந்துவிட்டு, இரும்பு ஆப்பைத் தன் கையாலேயே கல்லில் பொருத்தி, இங்கே அடியுங்கள் என்றாள். முதல் அடியில் ஆப்பு இறங்கியது. இரண்டாவது அடியில் சிங்கத்தின் நகம் ஒன்று தெறித்துப் புல்லில் விழுந்தது. போர்மன் சம்மட்டியை நிறுத்தினார். மறுபடியும் அடியுங்கள் என்றாள் அவள்.

கிரேன்காரம்மா ஒரு மயிரிழை தூக்கினார். என் கை வெளியே வந்தது.

பிறகு எனக்குக் கோபம் வந்த இன்னொரு விஷயம். நான் புல்லில் உட்கார்ந்து வலியில் துடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா கேபினைவிட்டு இறங்கவில்லை. போர்மன் என் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். போர்மன் வந்து கை காட்டும்வரை அந்த அம்மா காத்திருந்து, சிலையை முழுவதும் இறக்கி, கொக்கி கழன்ற பிறகுதான் இறங்கி வந்தார். ஒரு டன் கல்லை அந்தரத்தில் விட்டுவிட்டு, பதறிப்போன மனிதர்கள் அதன் கீழே அலையும்படி அவர் விடவில்லை. இது விளங்க எனக்குச் சில நாள் எடுத்தது. வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வாய் எங்கண்ணே போச்சு?"

அவர் கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலைக் காப்பாற்றினார்கள். மோதிர விரலின் நுனி போனது போனதுதான். மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு கோபித்தாள். "கல்லில கால் பட்டதுக்குக் கையக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்" என்றாள். அன்றிரவு தன் கையால் எனக்குச் சோறு ஊட்டினாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் விபத்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் நான் இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலகத்திலிருந்து விபத்துப் படிவம் வந்தது. கை ஏன் அங்கே போனது என்ற கேள்விக்கு, நகர்ந்திருந்த மரக்கட்டையைச் சரி செய்யக் குனிந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். கௌரவமான பதிலாக எனக்குப் பட்டது. கட்டைகளை வைத்தவர் போர்மன் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்தும் கண்டுகொள்ளாமல் இருந்தேனோ என்று இன்றைக்கு வரை எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். தான் கவனித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். விசாரணை முடியும்வரை அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கி, யார்டில் சங்கிலி எண்ண விட்டுவிட்டார்கள்.

ஆறாம் நாள் கிரேன்காரம்மா பாபகூராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலேறி வந்தார். கையில் ஒரு பெரிய டப்பாவில் மீகூன், அவர் ஊர் அரிசி நூடுல்ஸ். மனைவியோடு கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நான் மேலேர்ந்து பாத்தேண்ணே. கால் பட்டுச்சு, தொட்டுக் கும்புடக் குனிஞ்சீங்க. கட்டையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை. இதை அங்கே எப்படிச் சொல்வது, சிரிப்பாங்கள் என்றேன்.

"சிரிக்கட்டும்லா. அந்த மனுசனுக்குப் பொறுப்பு போச்சுன்னா, அதுக்கு யாரு சிரிப்பா?"

நீங்களே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். தான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும், நானே சொன்னால்தான் சரி என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தனக்கும் அதே கைதான், பைபிள் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றாமல் வைக்க முடியாது, அதனால்தான் என் கை எங்கே போகிறது என்று அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது என்று சொன்னார். இத்தனை நாள் இவரையா எடுப்பு என்று நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு ஒனிஹங்காவுக்குப் போனேன். காலைக் கூட்டத்தில் இருபது பேர் நின்றார்கள். டொங்கா, சமோவா, மாவோரி, வெள்ளைக்காரர், இரண்டு பஞ்சாபிகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எழுதியது பொய் என்றேன். கட்டைகள் சரியாக இருந்தன, கை மாட்டிய பிறகும் வெட்கத்தில் நான் கட்டைவிரலைக் காட்டினேன் என்றேன். எங்கள் ஆட்களுக்குக் கால் பட்டால் கை போகும் என்று செய்தும் காட்டினேன். ஓர் இளைஞன் சிரித்தான். பஞ்சாபி ஒருவர் அவனைத் திரும்பிப் பார்த்து, நாங்களும் செய்வோம் என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

போர்மன் கடைசியில்தான் பேசினார். அந்தப் பழக்கத்தை என்னால் நிறுத்த முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்ல வாய் வந்தது. ஏற்கெனவே இரண்டு பொய் சொன்னவன். மூன்றாவது வேண்டாம் என்று, முடியாது, நினைவு தெரிந்த நாளிலிருந்து வருகிறது என்று சொன்னேன். வேலை அவ்வளவுதான் என்றே நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். அப்படியென்றால் முதலிலேயே செய்துவிடு என்றார். கொக்கி மாட்டுவதற்கு முன்பே போய்த் தொட்டுக் கும்பிட்டு, இனி கால் பட்டால் மன்னித்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, அதற்குப் பிறகு அந்தக் கை பாரத்தின் பக்கம் போகக்கூடாது. அவ்வளவுதான் தீர்ப்பு. பொய் எழுதியதற்கு அலுவலகம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. வேலை போகவில்லை. அவருக்குப் பொறுப்பு அன்றே திரும்பக் கிடைத்தது. பொய் எழுதியதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

கல் வைத்தியருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். அவள் தன் அறிக்கையில், நகம் உடைந்தது விபத்தல்ல, என் முடிவின்படி உடைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுடைய தொழிலில் அப்படி ஒரு வரி எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிலையை வாங்கியவர், நகம் போன மிருகங்கள் எத்தனையோ பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன், அதை ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். முந்நூறு வருடம் மழையிலும் வெயிலிலும் உடையாமல் இருந்த ஒன்றை, ஆறு வாரம் வேலை பார்த்த ஒருவனின் விரல்களுக்காக அவள் உடைக்கச் சொன்னாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாரம் வழுக்கும், பெல்ட் அறும், மழை வரும். அதற்கெல்லாம் புத்தகத்தில் வழி இருக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகும் சரி சரி என்று சொல்லும் நம் வாய்க்குப் புத்தகத்தில் வழி இல்லை. நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். வேலை போய்விடுமோ, விசா போய்விடுமோ, பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்தே பழகியவர்கள். அந்தப் பயத்தில் கட்டைவிரலைக் காட்டாதீர்கள். கத்துங்கள். எந்த மொழியில் வாய் வருகிறதோ அதில் கத்துங்கள். மேலே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு இருந்தார்கள். கிரேன்காரம்மா, போர்மன், கல் வைத்தியர், அந்த மூன்று பேரும் கிடைக்க நான் கொடுத்து வைத்தவன்.

பதினோரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலை ஒனிஹங்காவிலேயே, ஒரு பழைய பேக்கரியின் அடுப்பை வெளியே எடுப்பது. கரி பிடித்த பெரிய இரும்பு அடுப்பு. பெல்ட் மாட்டியாயிற்று. கொக்கி மாட்டப் போகும்போது போர்மன் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. போய் அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரும்பும்போது பார்த்தால், போர்மன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பெரிய உள்ளங்கையை அடுப்பின்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். பஞ்சாபி வந்து தொட்டார். அன்று சிரித்த இளைஞனும் வந்து தொட்டான். பிறகு எல்லாரும் பின்னால் நகர்ந்தோம். நான் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன். கிரேன் அசையவில்லை. ரேடியோ கரகரத்தது.

"எனக்கும் சேத்துத் தொட்டுருங்கண்ணே. இங்கேர்ந்து எட்டல."

நான் திரும்பிப் போய் இன்னொரு தடவை தொட்டேன். கண் மறைத்தது. பின்னால் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் குறைந்த கையை அவருக்குத் தெரியும்படி நன்றாக உயர்த்தினேன். அவர் தூக்கினார்.